பாதை பிரியும் இடத்தில் எலி

கேள்வி: புதிர்ப்பாதையில் விடப்படும் எலி, சில நாட்களில் தவறில்லாமல் உணவுப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதை யோசனை என்று சொல்லத்தான் வேண்டுமா? திரும்பத் திரும்ப ஓடியதால் கால்களுக்கு வந்த பழக்கம் என்று சொல்லிவிட்டால் போதாதா?

பதில்: பழக்கம் என்று சொல்வதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது, உளவியல் துறையில் பெரும்பாலோர் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். எலிகளைப் புதிர்ப்பாதையில் விட்டு ஆராயும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லார்ட் ஸ்மால். லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் உள்ள செடிவேலிப் புதிர்ப்பாதையின் அமைப்பை நீள்சதுரமாக மாற்றி, எலிகளுக்கு ஏற்ற அளவில் கட்டி, அதில் அவை வழி கற்றுக்கொள்வதைக் கவனித்து 1901-இல் எழுதினார். சில ஆண்டுகள் கழித்து, 1908-இல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹார்வி காரும் ஜான் வாட்சனும் எலிகளை ஒரு புதிர்ப்பாதைக்கு நன்றாகப் பழக்கிவிட்டு, அதன் ஒரு நேர்ப்பகுதியின் நீளத்தை மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். வழக்கமான வேகத்தில் ஓடிவந்த எலிகள், இப்போது முன்னே வந்துவிட்ட சுவரில் நேராகப் போய் மோதின. அதே பகுதியை நீட்டியபோது, முன்பு திருப்பம் இருந்த தொலைவு வந்ததும், திருப்பமே இல்லாத இடத்தில் திரும்ப முயன்றன. எலிக்கு வழி தெரிந்திருக்கவில்லை, அசைவுகளின் வரிசை மட்டுமே மனப்பாடமாகியிருந்தது என்று முடிவு கட்ட இது போதுமானதாகவே தோன்றியது.

அந்த முடிவைப் பொறுமையாகக் கேள்விக்கு உட்படுத்தியவர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய எட்வர்ட் டோல்மன். அவரும் உடன் ஆய்வு செய்த ஹான்ஸிக்கும் 1930-இல் வெளியிட்ட சோதனையில், இரு கிளையாகப் பிரியும் இடங்கள் 14 கொண்ட ஒரு புதிர்ப்பாதையில் மூன்று கூட்டங்களாக எலிகள் நாள்தோறும் விடப்பட்டன. ஒரு கூட்டத்துக்கு முடிவில் எப்போதும் உணவு கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவேயில்லை, மூன்றாவது கூட்டத்துக்கு 11-ஆம் நாளில்தான் முதன்முறையாக உணவு வைக்கப்பட்டது. முதல் பத்து நாட்கள் மூன்றாவது கூட்டம் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. முட்டுச்சந்துகளில் நுழைந்தும் திரும்பியும் அலைந்துகொண்டிருந்தது. உணவு கிடைத்ததற்கு மறுநாள் அந்த எலிகளின் தவறுகள் சட்டென்று குறைந்து, தொடக்கத்திலிருந்தே உணவு பெற்றுவந்த கூட்டத்துக்கு நிகராக வந்து நின்றன. ஒரே ஒரு முறை கிடைத்த உணவு 14 திருப்பங்களையும் ஒரே நாளில் பழக்கமாக்கியிருக்க முடியாது. அலைந்த நாட்களில் இடத்தின் அமைப்பு எலியின் மனத்தில் பதிந்துகொண்டே வந்திருக்கிறது; அதைப் பயன்படுத்தக் காரணம் கிடைத்த நாளில்தான் அது வெளிப்பட்டது. எலி பாதையைப் பற்றி எதையோ அறிந்துவைத்திருக்கிறது என்பதற்கு என் கருத்தில் இதுவே முதல் உறுதியான சான்று.

டோல்மனின் இன்னொரு சோதனை இதைவிடப் புகழ்பெற்றது. பழகிய சுற்றுவழியை அடைத்துவிட்டு, விசிறிபோல் விரியும் 18 புதிய பாதைகளை முன்னே வைத்தபோது, 36 சதவீத எலிகள் உணவு இருந்த இடத்தை நோக்கி ஏறக்குறைய நேராகச் செல்லும் பாதையையே தேர்ந்தெடுத்தன. 1946-இல் வெளிவந்த இந்த முடிவைப் பலரும் மன வரைபடத்துக்கு, அதாவது இடத்தின் அமைப்பை எலி மனத்தில் வரைந்துவைத்திருக்கிறது என்பதற்கு, இறுதிச் சான்றாகக் காட்டுகிறார்கள். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். பயிற்சியின்போது உணவுப் பக்கமாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எலிகள் அந்த வெளிச்சத்தை நோக்கிப் போயிருக்கலாம் என்ற மறுப்பு நியாயமானது. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது முடிவுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமையவுமில்லை.

அப்படியானால் பழக்கமா, அறிவா என்ற உங்கள் கேள்விக்கு, இரண்டுமே என்பதுதான் விடை. இதை மிகத் தெளிவாகக் காட்டியது 1996-இல் மார்க் பேக்கர்டும் ஜேம்ஸ் மெக்காவும் செய்த ஆய்வு. கூட்டல் குறி வடிவப் பாதையில் எலி எப்போதும் ஒரே கிளையிலிருந்து புறப்பட்டு, நடுவில் ஒரே பக்கம் திரும்பி, உணவை அடையும்படி பழக்கப்படுத்தப்பட்டது. பிறகு ஒருநாள் அதை எதிர்க் கிளையிலிருந்து விட்டார்கள். இடத்தை அறிந்து போகும் எலி, உணவு இருந்த அதே கிளைக்குப் போகும். அதற்கு இம்முறை மறுபக்கம் திரும்ப வேண்டும். பழக்கத்தால் ஓடும் எலி, வழக்கமான பக்கமே திரும்பி, தவறான கிளைக்குப் போகும். எட்டாவது நாளில் சோதித்தபோது பெரும்பாலான எலிகள் இடத்தை அறிந்து போயின. பதினாறாவது நாளில் அதே எலிகள் பழக்கத்தால் திரும்பின. எட்டாவது நாளில் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியை மரத்துப்போகும் மருந்தால் சற்று நேரம் செயலிழக்கச் செய்தால், இடத்தை அறிந்து போவது மறைந்தது. பதினாறாவது நாளில் பழக்கத்துக்குரிய காடேட் என்ற பகுதியைச் செயலிழக்கச் செய்தபோது, எலி குழம்பி நிற்கவில்லை. மீண்டும் இடத்தை அறிந்து சரியான கிளைக்குப் போனது. பழக்கம் வந்த பிறகும் பழைய அறிவு அழியாமல் அடியில் இருந்திருக்கிறது. நெடுநாள் ஒரே வழியில் வேலைக்குப் போய்வந்தவர், விடுமுறை நாளில் வேறெங்கோ புறப்பட்டும் அதே தெருவில் திரும்பிவிடுவார். அதனால் அவருக்கு ஊரில் மற்ற வழிகள் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. காரும் வாட்சனும் கண்டவை, பழக்கம் முற்றிப்போன நிலையில் இருந்த எலிகள். அவர்கள் கண்டது பொய்யில்லை. எலியின் வாழ்வில் ஒரு கட்டத்தை மட்டுமே அவர்கள் கண்டார்கள்.

கேள்வி: எலிக்கு மோப்ப சக்தி அதிகம். உணவின் வாடையையோ, முன்பு தான் போன தடத்தின் வாடையையோ பிடித்துக்கொண்டு போகிறது என்பதை எப்படி மறுப்பது?

பதில்: மறுக்க முடியாத நிலை தொடக்கத்தில் இருந்தது, அதனால்தான் பிற்காலச் சோதனைகள் இந்த ஒன்றுக்காகவே மிகக் கவனமாக அமைக்கப்பட்டன. 1976-இல் டேவிட் ஆல்டனும் ராபர்ட் சாமுவேல்சனும், நடுமேடையிலிருந்து எட்டுக் கிளைகள் விரியும் பாதையில், ஒவ்வொரு கிளையின் முனையிலும் சிறிது உணவு வைத்தார்கள். ஒருமுறை போய்த் தின்றுவிட்ட கிளைக்கு மறுபடி போனால் வீண் அலைச்சல். எலிகளின் முதல் எட்டுத் தேர்வுகளில் சராசரியாக ஏழுக்கும் மேற்பட்டவை வெவ்வேறு கிளைகளாகவே இருந்தன. தடத்தின் வாடையைக் கொண்டு தவிர்க்கிறதோ என்ற ஐயத்தைப் போக்க, முகச்சவரத்துக்குப் பின் தடவும் வாசனைத் திரவத்தைப் பாதையில் தெளித்து மற்ற வாடைகளை மூழ்கடித்தார்கள். எலி நடுவில் இருக்கும்போது கிளைகளை இடம் மாற்றியும் வைத்தார்கள். எலி, தான் எந்தப் பலகையில் நடந்தது என்பதைப் பார்க்கவில்லை. அறையின் எந்தப் பக்கத்துக்குப் போய்வந்தது என்பதையே நினைவில் வைத்திருந்தது.

1981-இல் ரிச்சர்ட் மாரிஸ் இந்த ஐயத்துக்கு நீரையே மருந்தாக்கினார். பால் கலந்து வெண்மையாக்கிய நீர் நிறைந்த தொட்டியில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மேடை இருக்கும். நீரில் தடத்தின் வாடை தங்காது. மேடைக்கும் வாடை இல்லை. ஆனாலும் சில முறை நீந்திய எலி, தொட்டியின் எந்தப் பக்கத்திலிருந்து விடப்பட்டாலும் மேடையை நோக்கி நேராக நீந்துகிறது. அறையின் சுவரில் உள்ளவற்றைக் கொண்டே அது திசை அறிகிறது. மூளை ஆய்வுக்கூடங்களில் இன்று மிகுதியாகப் பயன்படும் முறைகளில் இதுவும் ஒன்று.

கேள்வி: பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எலி சற்று நின்று இருபுறமும் தலையைத் திருப்பிப் பார்க்கும் என்று படித்தேன். அது உண்மையில் யோசிக்கும் நேரம்தானா?

பதில்: வந்த கேள்விகளில் நான் மிகவும் விரும்பி எழுத உட்காரும் கேள்வி இது. விரைந்து வரும் எலி, பிரிவை அடைந்ததும் நிற்கிறது. இடப்பக்கம் மூக்கை நீட்டி, மீசை மயிர்கள் அசைய, ஒரு கணம் பார்க்கிறது. பிறகு உடலை நகர்த்தாமல் தலையை மட்டும் வலப்பக்கம் திருப்புகிறது. சில சமயம் மீண்டும் இடப்பக்கம். பின் ஒரு பக்கமாகப் புறப்பட்டுவிடுகிறது. 1930-களிலேயே கார்ல் மூன்சிங்கர் இந்த நடத்தைக்குத் தனிப்பெயர் சூட்டி ஆராய்ந்தார். உண்மையில் ஓடிப் பார்ப்பதற்குப் பதிலாக எலி மனத்துக்குள் ஓடிப் பார்க்கிறது என்பது அந்தப் பெயரின் பொருள். டோல்மன் இதைப் பெரிதும் மதித்தார். கற்றுக்கொள்ளும் கட்டத்தில் இந்தத் தலையசைப்பு மிகுந்து, வழி பழகிய பின் குறைந்துவிடும் என்பதைக் கவனித்த அவருக்கு, அது தயக்கமாகவோ குழப்பமாகவோ மட்டும் படவில்லை. ஆனால் எலியின் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்று யார் பார்த்தது என்ற எதிர்க்கேள்விக்கு அன்று பதில் இல்லை.

அதற்குக் கருவி கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1971-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஜான் ஓ’கீஃப், டோஸ்ட்ரோவ்ஸ்கி என்பவருடன் சேர்ந்து, எலியின் ஹிப்போகாம்பஸில் சில நியூரான்கள் (நரம்புச் செல்கள்) அது ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது மட்டும் துடிப்பதைக் கண்டார். ஒரு நியூரான் அறையின் ஒரு மூலைக்கு, இன்னொன்று பாதையின் நடுவுக்கு என்று ஒவ்வொன்றும் ஓர் இடத்துக்கு உரியது. இடச்செல்கள் எனப்படும் இவற்றுக்காகவும், 2005-இல் நார்வேயின் டிரான்ட்ஹைமில் மோசர் தம்பதியர் கண்டறிந்த, இடப்பரப்பைக் கட்டங்கள்போல் குறிக்கும் கட்டச் செல்களுக்காகவும் மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. மயிரிழையைவிட மெல்லிய கம்பிகள் வழியாகப் பல இடச்செல்களின் துடிப்பைச் சேர்த்துப் பதிவுசெய்தால், எலியைப் பார்க்காமலேயே அது எங்கே நிற்கிறது என்று சொல்லிவிட முடியும்.

2007-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆடம் ஜான்சனும் டேவிட் ரெடிஷும் இதே முறையில், பிரிவில் நிற்கும் எலியின் மூளையைப் படித்துப் பார்த்தார்கள். எலியின் உடல் பிரிவிலேயே நின்றிருக்க, அதன் இடச்செல்கள் அங்கிருந்து ஒரு கிளை நெடுக முன்னே உள்ள இடங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு ஓடின. பிறகு மற்றக் கிளை நெடுக ஓடின. எலி நின்றுகொண்டிருந்தது, வரைபடத்தில் அதன் இடம் மட்டும் முன்னே போய்வந்தது. தலை திரும்பிய நேரங்களில் இது நிகழ்ந்ததுதான் முக்கியம். 2020-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் லோரன் ஃபிராங்கின் ஆய்வுக்குழு இன்னும் நுட்பமாக அளந்தபோது, பிரிவை நோக்கி வரும் எலியின் ஹிப்போகாம்பஸ் இரு கிளைகளையும் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ எட்டு முறை என்ற தாளத்தில் மாறி மாறிக் காட்டுவதைக் கண்டது. வெளியே ஒரு கணத் தயக்கமாகத் தெரிவதற்குள் இத்தனை நடக்கிறது.

இந்த முன்னோட்டம் வெறும் கண்காட்சியா, முடிவுக்கு உதவுகிறதா என்று கேட்டால், உதவுகிறது என்பதற்கான அறிகுறிகள் உண்டு. ஹிப்போகாம்பஸ் சேதமடைந்த எலிகளில் அந்த நின்று பார்க்கும் வழக்கம் குறைந்துவிடுகிறது. 2013-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிராட் ஃபைஃபரும் டேவிட் ஃபாஸ்டரும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு மீட்டர் சதுரத் திறந்த களத்தில் 36 சிறு குழிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் மட்டும் அன்றைய நாள் முழுதும் சாக்லேட் கரைசல் ஒன்றுவிட்டு ஒருமுறை உறுதியாகக் கிடைக்கும். மறுநாள் அந்தக் குழி மாறிவிடும். களத்தில் சுவர்களோ சந்துகளோ இல்லாததால், மனப்பாடம் செய்துகொள்ள எந்தத் திருப்பமும் இல்லை. வேறொரு குழியில் தின்று முடித்த எலி, புறப்படுவதற்கு முன், அது நிற்கும் இடத்திலிருந்து அன்றைய சாக்லேட் குழி வரையிலான பாதையை அதன் இடச்செல்கள் சில நூறு மில்லி விநாடிகளுக்குள் வரிசையாக ஓட்டிக் காட்டின. எலி பின்னர் உண்மையில் ஓடிய வழியும் பெரும்பாலும் அதுவாகவே இருந்தது. அதற்கு முன் அது ஒருமுறையும் ஓடியிராத இணைப்பாக இருந்தாலும் அப்படித்தான். தான் அப்போது நிற்காத ஓர் இடத்தை மனத்தில் கொண்டுவந்து, அதற்கு ஏற்பச் செயல்படுவதற்கு யோசனை என்ற பெயரைக் கொடுக்கத் தயங்க எனக்குக் காரணம் தெரியவில்லை. சொல்லால் நிகழும் யோசனை என்று அதற்குப் பொருள் கொள்ளாத வரை போதும்.

கேள்வி: ஆய்வு செய்பவர் எலி புத்திசாலி என்று நம்பினால், அந்த நம்பிக்கையே முடிவைச் சாய்த்துவிடாதா?

பதில்: சாய்க்கும். 1963-இல் ராபர்ட் ரோசென்தாலும் கெர்மிட் ஃபோடும் இதையே ஆராய்ந்தார்கள். மாணவர்கள் 12 பேருக்கு ஆளுக்கு ஐந்து எலிகள் தரப்பட்டன. பாதிப் பேரிடம், இவை புதிர்ப்பாதையில் கெட்டிக்காரத்தனத்துக்காகப் பல தலைமுறை தேர்ந்து வளர்க்கப்பட்டவை என்றும், மற்றவர்களிடம், இவை மந்தமான பரம்பரை என்றும் சொன்னார்கள். உண்மையில் எல்லாமே ஒரே வகைச் சாதாரண எலிகள். கெட்டிக்கார எலி என்று நம்பியவர்களின் எலிகள் சோதனையிலும் சிறப்பாகச் செய்தன. அந்த மாணவர்கள் தங்கள் எலிகளை அடிக்கடி, மென்மையாகக் கையாண்டதாகத் தாங்களே சொன்னார்கள். அன்பாகக் கையாளப்பட்ட எலி அச்சமின்றி ஓடும், அதனால் விரைவில் கற்கும். எனவே எந்த எலி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரியாதவரே அளவெடுக்க வேண்டும் என்பதும், முடிந்தவரை கதவு திறப்பதையும் கணக்கெடுப்பதையும் இயந்திரத்திடம் விட வேண்டும் என்பதும் இன்று விதிபோல் ஆகிவிட்டன. இந்தக் கவனத்தைக் கடந்துவந்த முடிவுகளையே நம்ப வேண்டும். அதனால்தான் விலங்குகளின் அறிவு பற்றிய செய்தி வந்தால், எப்படி அளந்தார்கள் என்ற பத்தியை நான் முதலில் தேடிப் படிப்பேன்.

கேள்வி: தவறான முடிவு எடுத்தபின் எலி வருந்துகிறது என்று செய்தி வந்ததே, அது மிகையா?

பதில்: அந்தச் செய்தியின் பின்னால் இருப்பது 2014-இல் ஆடம் ஸ்டைனரும் டேவிட் ரெடிஷும் வெளியிட்ட ஆய்வு. எலி சுற்றிவரும் ஒரு வளையப் பாதையில் நான்கு உணவகங்கள். ஒன்றில் வாழைப்பழச் சுவை, ஒன்றில் செர்ரி, ஒன்றில் சாக்லேட், ஒன்றில் சுவையூட்டாத உணவு. ஒவ்வொன்றின் வாசலிலும் ஓர் ஒலி கேட்கும். ஒலியின் உயரத்தைக் கொண்டு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை எலி அறிந்துகொள்ளும். மொத்த நேரம் ஒரு மணி மட்டுமே; நீண்ட காத்திருப்பை ஏற்றால் மற்ற இடங்களுக்கு நேரம் போதாது. எலிகள் தங்கள் சுவை விருப்பத்தை வைத்துத் தனித்தனியே ஒரு வரம்பு வகுத்துக்கொண்டன. சாக்லேட்டுக்கு இவ்வளவு நேரம் காத்திருக்கலாம், சுவையற்றதற்கு அவ்வளவு வேண்டாம் என்பதுபோல.

சில நேரம் எலி, தன் வரம்புக்குள் வரும் நல்ல வாய்ப்பைத் தவிர்த்துவிட்டு அடுத்த உணவகத்துக்குப் போக, அங்கே மிக நீண்ட காத்திருப்பு எதிர்ப்பட்டது. அப்போது எலி நின்று, விட்டுவந்த உணவகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தது. மூளையின் முன்புறத்தில் கண்குழிக்கு மேலுள்ள பகுதியின் நியூரான்கள், இப்போதைய உணவகத்தைவிட, தவறவிட்ட உணவகத்தையே குறித்தன. அடுத்ததில் வழக்கத்துக்கு மாறாக நீண்ட காத்திருப்பை ஏற்கும் போக்கும் கூடியது. முன் உணவகத்தில் சரியாகவே நடந்துகொண்ட எலிக்கு அடுத்ததில் நீண்ட காத்திருப்பு வாய்த்தபோது, இந்தப் போக்கு இந்த அளவில் தோன்றவில்லை. வெறும் ஏமாற்றத்தையும், தன் தேர்வால் வந்த இழப்பையும் இவ்வாறு பிரித்துக் காட்டியதுதான் ஆய்வின் பலம். வேறு விதமாகச் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை எலியின் மூளை கணக்கில் எடுக்கிறது என்ற அளவுக்கு நான் முழுமையாக ஏற்கிறேன். அந்தக் கணத்தில் எலிக்கு உள்ளே எப்படி இருக்கும் என்பதைப் பற்றி இந்த அளவீடு பேசவில்லை. செய்தித் தலைப்பு மட்டுமே பேசியது.

இதே அமைப்பை எலி, சுண்டெலி, மனிதர் ஆகிய மூன்று உயிர்களுக்கும் பொருந்தும்படி மாற்றி, 2018-இல் பிரையன் ஸ்வைஸ் உள்ளிட்டோர் இன்னொன்றையும் கண்டார்கள். வாசலில் ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்குத் தனி இடமும், ஏற்றபின் காத்திருப்பதற்குத் தனி இடமும் இருந்தன. மனிதர்களுக்கு உணவுக்குப் பதில் சிறு காணொளிகள் கிடைத்தன. காத்திருக்கும் இடத்தில் செலவழித்த நேரம் கூடக்கூட, மீதமுள்ள நேரம் எவ்வளவாக இருந்தாலும், விட்டுப் போக மூன்று உயிர்களும் தயங்கின. இட்ட முதலை எண்ணி விட மனம் வராத அந்தக் குணம் மனிதருக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் வாசலில் யோசித்து நின்ற நேரம் எவ்வளவு நீண்டாலும், அது இந்தத் தயக்கத்தில் சேரவில்லை. முடிவெடுத்து உள்ளே நுழைந்த பிறகு கழிந்த நேரம் மட்டுமே கணக்கில் ஏறியது.